கீறலே விழாத வாட்ச் விரிசல் விட்ட கதை

1980களில் மாமா துபாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ராடோ டயாஸ்டார் வாட்ச் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் மேல்பாகம் இப்போதும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். செயின் மட்டும் தேய்ந்து மங்கிவிட்டது. 1962-ல் வந்த அந்த மாடலில் மேலே இருப்பது டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள், செயின் வெறும் ஸ்டீல். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்ததால், கீறல் விழாத வாட்ச்தான் நாள்பட உழைக்கும் என்று நம்பியிருந்தேன்.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் காசு சேர்த்து ஒரு கருப்பு செராமிக் டைவிங் வாட்ச் வாங்கினேன். மூன்று வருடம் தினமும் கட்டினேன். கதவு நிலையில் இடித்திருக்கிறேன், சாவிக்கொத்தோடு பையில் போட்டிருக்கிறேன், ஒரு கோடுகூட விழவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை, குளிக்கப் போகும்போது கழற்றினேன், கை நழுவிவிட்டது. இடுப்பு உயரம்தான், ஆனால் கீழே டைல்ஸ் தரை. எடுத்துப் பார்த்தால் ஸ்ட்ராப் மாட்டும் காது ஒன்றில் விரிசல். "ஒட்டவும் முடியாது, பாலிஷும் போட முடியாது. கேஸையே மாற்றணும்" என்றார் சர்வீஸ்காரர். அவர் சொன்ன தொகைக்கு நல்ல ஸ்டீல் வாட்ச் ஒன்றே வாங்கிவிடலாம். மனசு ரொம்ப வலித்தது.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒரு பொருள் எவ்வளவு கடினம் என்று சொல்லும் விக்கர்ஸ் எண், வாட்சுகளில் வழக்கமாக வரும் 316எல் ஸ்டீலுக்கு 200-ஐ ஒட்டி இருக்கும், கிரேடு 5 என்ற டைட்டானியக் கலவைக்கு 350 பக்கம், வாட்சுகளில் வரும் சிர்கோனியா செராமிக்குக்கு 1200 வாக்கில். அந்த எண் கீறலுக்கு மட்டும்தான். அடி விழுந்தால் ஸ்டீல் குழி விழுந்து தாங்கிக்கொள்ளும். செராமிக்குக்கு நெளியத் தெரியாது, வெடித்துவிடும்.

இப்போது கட்டுவது கிரேடு 5 டைட்டானியம். எடை ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கொக்கியில் லேப்டாப் விளிம்பு உரசி நிறையக் கோடுகள் விழுந்திருக்கின்றன, இருக்கட்டும். இரண்டு தடவை கீழே விழுந்தும் ஓரத்தில் சின்னக் குழியோடு போயிற்று.

ஸ்டீல் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சர்வீஸுக்குக் கொடுக்கும்போதெல்லாம் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் தேய்ந்துதான் போகிறது. 1972-ல் ஓடமார் பிகே கம்பெனி கொண்டுவந்த ராயல் ஓக் போன்ற வாட்சுக்கு அந்தக் கூர்மையான விளிம்புகள்தான் அழகே. செராமிக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டிலில் உட்கார்ந்து கழற்றுங்கள்.