பத்தாயத்து நெல்லில் அந்து: மாத்திரை வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். பாலக்காட்டு எல்லையில் எங்கள் ஊர். வீட்டுச் சாப்பாட்டுக்கு எட்டு மூட்டை நெல்லைத் தாத்தா காலத்துப் பத்தாயத்தில் (நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி) கொட்டி மூன்று மாதம் ஆகிறது. மூடியைத் திறந்தால் வைக்கோல் நிற அந்துகள் முகத்தில் மோதுகின்றன. அள்ளினால் பாதி வெறும் உமி. மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரையைத் துணியில் முடிந்து உள்ளே போடச் சொல்கிறார். பத்தாயத்தை ஒட்டித்தான் குழந்தைகள் படுக்கிறார்கள். வேறு வழி உண்டா? ஒரு டின் தட்டைப்பயறிலும் ஓட்டை விழுந்திருக்கிறது.

வேலந்தாவளத்து அண்ணன்:
தம்பி, மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும்; 3 கிராம் மாத்திரைக்கு 1 கிராம் வாயு. அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. காற்றுப் புகாமல் மூடிய கிடங்கில் பயிற்சி பெற்றவர்கள் வைப்பது அது. இடுக்குள்ள பத்தாயத்தில் வைத்தால் நெல்மணிக்குள் இருக்கும் அந்துப் புழு தப்பிவிடும், வாயு படுக்கைக்கு வரும்.
உமியான நெல் மேலே இருந்ததா, அடியிலா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மேலேதான். முழங்கை வரை விட்டு எடுத்த நெல் நன்றாக இருக்கிறது.

வேலந்தாவளத்து அண்ணன்:
அப்படியானால் பிழைத்தீர்கள். அந்துப்பூச்சியால் குவியலுக்குள் ஆழமாக இறங்க முடியாது. மேல் ஓரடியோடு நின்றுவிடும். அதை வழித்தெடுத்துவிட்டு, மீதியைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறிய பிறகே கொட்டுங்கள், சூட்டோடு கொட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

மீனாட்சிபுரத்து அக்கா:
எங்கள் வீட்டில் வேப்பிலையும் நொச்சியும்தான். இத்தனை பாடு எதற்கு?

வேலந்தாவளத்து அண்ணன்:
போடலாம் அக்கா, நிழலில் சருகாக உலர்த்தி. பச்சையாகப் போட்டால் நெல்லுக்கு ஈரம்தான் மிச்சம். உள்ளே இருக்கும் புழுவை இலை கொல்லாது. புதிதாக வருவதைத்தான் ஓரளவு தடுக்கும். வசம்புத் தூள் விதைக்கு மட்டும், கிலோவுக்கு 10 கிராம். சாப்பாட்டு நெல்லில் கலக்காதீர்கள்.

மீனாட்சிபுரத்து அக்கா:
சரி, பயறுக்கு நான் சொல்கிறேன். ஓட்டை விழுந்ததைப் பொறுக்கிவிட்டு, நன்றாகக் காய்ந்த பயறில் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். வண்டு முட்டையைப் பயறின் மேல்தான் ஒட்டும். எண்ணெய் படிந்தால் முட்டை மூச்சு முட்டிப் போய்விடும். உடைத்துப் பருப்பாக வைத்தாலும் வண்டு அவ்வளவாக அண்டாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இன்று பத்தாயத்தைக் காலி செய்தேன். அடிப்பலகை மூலையில் போன வருட நெல் இரண்டு படி கிடந்தது, அத்தனையும் உமி! பெருக்கி, வெயில் காட்டி, இடுக்குகளைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்துவிட்டேன். வழித்தெடுத்த நெல் கோழிக்கு. மாத்திரையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.