புது ரைபிள், எட்டு ரவுண்டுக்கு ஒரு ஜாம்

போன மாதம் ஒரு பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) வாங்கினேன். இருப்பது டெக்சாஸ், டாலஸ் பக்கம். அதுவரை துப்பாக்கி என்றால் எனக்குக் கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்துக்கொண்டு, போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் போய்வரும் உலோகத் துண்டு) கையால் இழுத்து இழுத்துச் சுட்ட பாயிண்ட் 22 மட்டும்தான். கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்குள் காலே வைத்தேன் (எச்1பி-யில் இருப்பவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது, அது மத்திய சட்டம், அதனால் அவசரப்படாதீர்கள்). எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. பாதித் தப்பு என்னுடையது.

முதல் நாள் ரேஞ்சில் 100 ரவுண்டு, அதாவது 100 தோட்டா, சுட்டதில் 13 தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் எரிச்சலோடு போல்ட்டை இழுத்து, மாட்டிக்கொண்டதை உதறிவிட்டு, அடுத்ததைச் சுட்டேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் கடிதமே எழுதிவிட்டேன். பக்கத்து லேனில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்படி மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தாயா?" என்று கேட்டார். பார்க்கவில்லைதான். அதற்கப்புறம் ஜாம் ஆனால், குழலை இலக்குப் பக்கமே வைத்து, விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து, சேஃப்டி போட்டுவிட்டு, ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் கை வைத்தேன். வீட்டுக்கு வந்து போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால், 13 தடவையும் ஒரே கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சுத்தப் பொய். இரண்டு வேறு வேறு நோய்.

ஒன்று, சுட்ட காலி கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) வெளியே போகாமல், அது வெளியேறும் வாயில் போல்ட்டிடம் சிக்கிப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்பது. இன்னொன்று, புதுத் தோட்டாவின் மூக்கு சேம்பருக்கு (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) கீழே முட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நிற்பது.

புகைபோக்கிக்குக் காரணம் புரிய, இந்த ரைபிள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும்தான் பூட்டு. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் போகிறது, அதே அழுத்தம் காலி கேஸைப் பின்னால் தள்ள, கேஸ் போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் கடைசிவரை போய்வந்தால்தான் கேஸும் வெளியே விழும், ஹாமரும் மடங்கும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவையும் எடுக்கும். பாதி வழியில் மூச்சு வாங்கினால் மூன்றும் கெடும். நான் என்ன செய்திருந்தேன்? சத்தம் குறைவாக இருக்கும் என்று ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா வாங்கியிருந்தேன், வினாடிக்கு சுமார் 1,070 அடி, போல்ட்டைத் தள்ளும் பலமும் குறைவு. ரைபிளோடு வந்த புத்தகத்தில் ஹை வெலாசிட்டி போடச் சொல்லியிருந்ததை அன்றைக்கு ராத்திரிதான் படித்தேன்.

அதோடு, துருப்பிடிக்காமல் இருக்க ஃபேக்டரியில் பூசி அனுப்பும் எண்ணெயையும் துடைக்கவில்லை. புது மிக்ஸி வாங்கினால் கழுவாமலா சட்னி அரைப்போம்? இதை மட்டும் டப்பாவிலிருந்து எடுத்த கையோடு ரேஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பிரித்துத் துடைத்தபோது துணியில் பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. சேம்பரை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, போல்ட் உரசும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, வினாடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும் ஹை வெலாசிட்டி தோட்டா போட்டதும் புகைபோக்கி காணாமல் போனது. எண்ணெயா தோட்டாவா, எது காரணம் என்று கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் மாற்றித் தொலைத்ததால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் 400 ரவுண்டு ஓடிய பிறகு வேண்டுமென்றே பழைய தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன், நூற்றுக்கு ஒன்றிரண்டு நின்றது. ஆக, இரண்டுக்கும் பங்கு இருக்கிறது.

மூக்கு முட்டுவது மட்டும் நிற்கவில்லை. தாத்தா சொன்னபடி இரண்டு மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி) மார்க்கரால் 1, 2 என்று எழுதினேன். ஒரே ஒரு மணி நேரத்தில் குட்டு உடைந்தது, முட்டியது எல்லாமே 2-ஆம் நம்பர். மேல் உதடுகளில் ஒன்று லேசாக வெளிப்பக்கம் விரிந்திருந்தது. இடுக்கியால் வளைத்துவிடலாமா என்று கை பரபரத்தது, வளைக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டோவை அனுப்பினேன், வேறு மேகசின் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு விஷயம், பாயிண்ட் 22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், போல்ட் எவ்வளவு தள்ளினாலும் நகராது. ஒவ்வொன்றாக, மேலே இருப்பதன் விளிம்பு எப்போதும் முன்னால் இருக்கும்படி நிரப்புங்கள். அவசரத்தில் அள்ளிப்போட்டால் இதுதான் நடக்கும்.

உங்களுக்கு என்ன ஆனது, எழுதுங்கள்.

*

அண்ணே, மினசோட்டாவிலிருந்து. எண்ணெய் விஷயத்தில் எனக்கு நேர் எதிர் அனுபவம். நன்றாகச் சுத்தம் செய்து, பாசமாக நிறைய எண்ணெய் விட்டு, ஜனவரியில் வெளியே திறந்தவெளி ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். வெயில் காலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத ரைபிள், அன்றைக்கு போல்ட் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் போய்வந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும் இல்லையா, ஏறக்குறைய அதேதான். காரிலேயே உட்கார்ந்து மேகசினைக் கழற்றி, சேம்பர் காலிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிரித்து எல்லாவற்றையும் துடைத்தேன். கிட்டத்தட்ட உலர்ந்த ரைபிளோடு மீதி 150 ரவுண்டும் ஓடிவிட்டது. இப்போது பனிக்காலத்துக்குத் தனி மெல்லிய எண்ணெய்.

*

என்னுடையது ஏ.ஆர். வகை, ராணுவத்தின் எம்16 குடும்பம், 5.56 மி.மீ. தோட்டா. இங்கே வாயுதான் வேலை செய்கிறது, குழலிலிருந்து ஒரு குட்டிக் குழாய் வழியாக வாயு பின்னால் வந்து போல்ட் கேரியரை (போல்ட்டைச் சுமக்கும் பாகம்) தள்ளும். சுட்டது, காலி கேஸ் வெளியே விழுந்தது, ஆனால் அடுத்த தோட்டாவை எடுக்கவில்லை. மேகசின் தீர்ந்த பிறகும் போல்ட் பின்னால் நிற்கவில்லை. நாலு மேகசின் மாற்றியும் அதே கதை, அதனால் மேகசின் மேல் பழி போட முடியவில்லை.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டு நின்றால் பயணம் முழுசாக இருக்கிறது. எனக்கு ஐந்து தடவையில் நாலு தடவை நிற்கவில்லை. கேஸ் விழும் இடமும் துப்புக் கொடுக்கும்: குழல் நுனியை 12 மணி என்று வைத்துக்கொண்டால், மூன்று நாலு மணிப் பக்கம் விழுவது வழக்கம், எனக்கு ஐந்து மணிக்குச் சோம்பலாக விழுந்தது. ஆக வாயு எங்கேயோ கசிகிறது. கேரியர் மேல் அந்த வாயுவை வாங்கிக்கொள்ளும் சின்ன மூக்கு ஒன்று இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும், ஸ்க்ரூ தளராதபடி பக்கத்து உலோகத்தை உளியால் அடித்து இறுக்கியிருக்க வேண்டும். என்னுடையதில் அடித்த தடமே இல்லை, அடியில் கரி படிந்திருந்தது, விரலால் ஆட்டினால் ஆடியது. கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) கொடுத்தேன், அரை மணி நேர வேலை.

இந்தக் குடும்பத்துக்கு ஜாம் ஒன்றும் புதிதில்லை. வியட்நாம் போரில் எம்16 கொத்துக் கொத்தாக நின்றபோது, 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. முதலில் சோதித்த வெடிமருந்தை மாற்றி வேறு வகை வெடிமருந்து அடைத்த தோட்டாக்களை அனுப்பியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை, பல வீரர்களுக்குத் துடைக்கும் சாமான்களே கொடுக்கவில்லை. தோட்டா, துரு, அழுக்கு. அண்ணன் எழுதியிருப்பதும் அதே பட்டியல்தான், நல்லவேளை நமக்கு எதிரே இருந்தது காகிதம்.

*

எல்லோரும் ஜாமைப் பற்றியே எழுதுகிறீர்கள், நான் ஜாம் ஆகாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் மலிவு மொத்தப் பெட்டி ஒன்றில் ஒரு தோட்டா "டப்" என்று வெடிக்காமல் "புஸ்" என்றது. அதிர்வே இல்லை, கேஸும் வெளியே வரவில்லை. நான் போல்ட்டை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடப் போனேன், பின்னால் நின்ற வீட்டுக்காரர் "நிறுத்து" என்று கத்தினார். இறக்கிப் பார்த்தால் குண்டு குழலுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது! அடுத்த குண்டு அதன் மேல் மோதியிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லை வெடித்தே இருக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் இன்னொன்று போடாதீர்கள்.

வெறும் "க்ளிக்" மட்டும் கேட்டால் அது வேறு. உடனே திறக்காமல், இலக்குப் பக்கம் காட்டியபடியே 30 வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

*

அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். க்ளிக் எனக்கும் வந்தது. நேற்று 300 ரவுண்டில் இரண்டே தடவை நின்றது, இரண்டும் க்ளிக்தான். ஊசி அடித்த தடம் விளிம்பில் ஆழமாகவே இருந்தது, ஆக ரைபிள் தன் வேலையைச் செய்திருக்கிறது. பாயிண்ட் 22-இல் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருக்கும், ஏதாவது ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போனால் இப்படி ஆகும் என்று தாத்தா சொன்னார். கம்பெனி அனுப்பிய மேகசினுக்கு 3 என்று எழுதிவிட்டேன், 2-ஐ அவர்களே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.