பெருநாள் தொழுகைக்கு முன் சேர வேண்டிய ஃபித்ரா: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஃபித்ரா விநியோகத்தில் பணியாற்றும் உறுப்பினர் எழுதியது:

நோன்புப் பெருநாள் அனுபவம் என்றால் பிறை தென்பட்ட மகிழ்ச்சியையும், தொழுகைக்குப் பின் ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துவதையுமே பலரும் எழுதுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பள்ளிவாசலின் ஃபித்ரா குழுவில் இருக்கும் எனக்கோ, அந்நாளின் பொருள் அதற்கு முந்தைய இரவில்தான் விளங்கியது. நோன்புப் பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய உணவுத் தர்மமே ஃபித்ரா. ரமளான் நோன்பு கடமையாக்கப்பட்ட ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு) 2ஆம் ஆண்டிலேயே இந்தக் கடமையும் விதிக்கப்பட்டது. அடிமை, சுதந்திரமானவர், ஆண், பெண், சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடின்றி முஸ்லிம்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாஉ பேரீச்சம்பழமோ ஒரு ஸாஉ வாற்கோதுமையோ கொடுக்க வேண்டும் என்றும், மக்கள் தொழுகைக்குப் புறப்படும் முன்பே அது கொடுக்கப்பட்டுவிட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் அந்த ஹதீஸ் (நபிமொழி) இடம்பெற்றுள்ளது. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளினால் கிடைப்பது ஒரு ஸாஉ. இன்றைய எடையில் அதை ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ வரை கணக்கிடுகிறார்கள்.

தொழுகைக்கு முன் என்ற அந்த எல்லைதான் எங்கள் பணியை நடத்துகிறது. தொழுகைக்கு முன் கொடுக்கப்படுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஜகாத் (கடமையான தர்மம்) என்றும், பின்னர் கொடுக்கப்படுவது மற்றத் தர்மங்களைப் போல ஒரு தர்மம் மட்டுமே என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி எங்கள் குழுவில் அனைவருக்கும் மனப்பாடம். இதனாலேயே பெருநாள் தொழுகையை நோன்புப் பெருநாளில் சற்றுத் தாமதித்தும் ஹஜ்ஜுப் பெருநாளில் சற்று முன்னதாகவும் தொழுவது நல்லது என்று சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலாவதில் ஃபித்ரா உரியவரைச் சென்றடைய அவகாசம் வேண்டும். இரண்டாவதில் குர்பானிக்கு, அதாவது பிராணியை அறுத்துப் பலியிடுவதற்கு, நேரம் வேண்டும். ஒரு சமுதாயத்தின் கூட்டுத் தொழுகையே ஏழையின் வீட்டுக்குத் தானியம் போய்ச் சேர்வதற்காகக் காத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அத்தகைய ஓர் இரவில், பேரப்பிள்ளைகளை வளர்த்துவரும் ஒரு முதிய கைம்பெண்ணின் வீட்டுக்கு அவருக்குரிய பங்கைக் கொண்டு சென்றோம். வாங்கி உள்ளே வைத்தவர், எங்களைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, தமக்கும் பிள்ளைகளுக்குமான ஃபித்ராவை அதிலிருந்தே அளந்து, வேறொரு பையில் கட்டிக்கொண்டு வந்து நீட்டினார். எங்களுடன் வந்திருந்த இளைஞர் தயங்கி, "உம்மா, இது உங்களுக்காகக் கொண்டுவந்ததல்லவா?" என்றார். "நாளைக்கு எங்களுக்கு வேண்டியது போக மிச்சம் இருக்கிறது, தம்பி. எங்கள் கடமையை நாங்கள் கொடுக்க வேண்டாமா? இதை இன்னொரு வீட்டில் சேர்த்துவிடுங்கள்" என்று அவர் சொன்னபோது நாங்கள் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டோம்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரியானது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஹனஃபி மத்ஹபில் ஜகாத்துக்குரிய குறைந்தபட்ச அளவுக்குச் செல்வம் உள்ளவர் மீதுதான் ஃபித்ரா கடமையாகும். ஆனால் ஷாஃபி மத்ஹபில், பெருநாளன்றும் அன்றிரவும் தமக்கும் தம் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் தேவையானது போக மீதம் வைத்திருக்கும் எவர் மீதும் அது கடமை. பெற்றவரே கொடுப்பவராகவும் ஆகலாம். ஆண்டு முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்த ஒருவருக்குக் கொடுப்பவரின் இடத்தையும் வழங்கிவிட்டுத்தான் பெருநாள் பிறக்கிறது. பெறுபவர்களைப் பொது இடத்தில் வரிசையில் நிறுத்துவதையும், பை கைமாறும்போது படம் எடுப்பதையும் நான் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவதற்கு அந்த உம்மாதான் காரணம். இரவோடிரவாக வீடுகளுக்கே கொண்டுசேர்ப்பது கடினமான வேலைதான் என்றாலும், செய்ய முடியாத வேலை அன்று.

அண்மையில் தந்தையான உறுப்பினர் எழுதியது:

கடைசி நோன்பைத் திறந்து சிறிது நேரத்தில் என் மகள் பிறந்தாள். குழந்தைக்கும் ஃபித்ரா கொடுக்க வேண்டுமா என்று அன்றிரவே இரண்டு ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேட்டேன். ஒருவர், ரமளானின் கடைசி நாள் சூரியன் மறையும் நேரத்தில்தான் கடமை ஏற்படுகிறது என்பதால், அதற்குப் பின் பிறந்த குழந்தைக்குக் கடமையில்லை என்று ஷாஃபி மத்ஹபின்படி கூறினார். மற்றவர், பெருநாளின் வைகறையில்தான் கடமை ஏற்படுகிறது என்பதால், அதற்குள் பிறந்துவிட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஹனஃபி மத்ஹபின்படி கூறினார். இருவரும் மற்றவரின் கருத்தை மதித்தே பேசினார்கள். நான் மகளின் பெயரில் கொடுத்தேன். பெயரே இன்னும் சூட்டப்படாத நிலையில், இவ்வுலகில் அவள் பேரில் நடந்த முதல் செயல் ஓர் ஏழையின் உணவாக அமைந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

நோன்பு நோற்க இயலாத உறுப்பினர் எழுதியது:

மேலே உள்ள இரு பகிர்வுகளையும் படித்தபின் நானும் எழுதத் துணிந்தேன். சிறுநீரக நோயின் காரணமாக மருத்துவர்கள் நோன்பு கூடாது என்று சொல்லிவிட்டதிலிருந்து, விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவை நிறைவேற்றி வருகிறேன். கடமை தீர்ந்தாலும் மனம் தீரவில்லை. பெருநாள் நோன்பாளிகளுக்குரியது, நான் விருந்தாளியாக ஓரத்தில் நிற்பவன் என்ற எண்ணம் என்னை வாட்டியது. தொழுகைக்குச் செல்லவே கூச்சமாக இருந்தது.

எங்கள் இமாமிடம் இதைச் சொன்னேன். ஃபித்ரா நோன்பாளியை வீண் பேச்சிலிருந்தும் தகாத சொல்லிலிருந்தும் தூய்மைப்படுத்துகிறது என்று சொல்லும் அதே ஹதீஸ், அது ஏழைகளுக்கு உணவு என்றும் சொல்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். நோன்பே இல்லாத பச்சிளங்குழந்தைக்காகவும் கொடுக்கப்படுவதை நோன்பாளியின் உரிமையாக மட்டும் எப்படிக் கொள்வது என்று கேட்டார். பிறகு குர்ஆனைத் திறந்து அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனத்தை என்னையே ஓதச் சொன்னார். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தருவதும், அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று ஆறுதல் கூறுவதும், நேர்வழி காட்டியதற்காக அல்லாஹ்வைப் பெருமைப்படுத்தச் சொல்வதும் அந்த ஒரே வசனத்தில்தான் உள்ளன. பெருநாள் இரவில் நாம் முழங்கும் தக்பீருக்கு, அதாவது 'அல்லாஹு அக்பர்' என்று இறைவனைப் பெருமைப்படுத்துவதற்கு, அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுவது இதைத்தான். பலமுறை ஓதிய வசனம் அது. என்னைப் போன்றவனையும் தக்பீர் சொல்பவனையும் அல்லாஹ் ஒரே மூச்சில் அழைத்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

அதன்பின் வந்த பெருநாளில், கடைசி நோன்பின் சூரியன் மறைந்தது முதல் தொழுகை தொடங்கும்வரை தக்பீர் சொன்னேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழம் உண்ணாமல் நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்பட மாட்டார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்திருப்பதால், நானும் உண்டுவிட்டே புறப்பட்டேன். அன்று நோன்பு நோற்பது எல்லோருக்கும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாதம் முழுவதும் பகலில் மறைவாக உண்ண வேண்டியிருந்த நான், அந்தக் காலையில் ஊரார் அனைவருடனும் சேர்ந்து உண்டவனாகத் தொழுகை வரிசையில் நின்றேன்.

முதலில் எழுதிய சகோதரருக்கு ஒரு வேண்டுகோள். இப்னு உமர் (ரலி) காலத்தில் பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்பே ஃபித்ராவைக் கொடுத்து வந்தார்கள். நோயாளிகளாலும் முதியோராலும் கடைசி இரவின் நெரிசலில் பள்ளிவாசலுக்கு வர முடிவதில்லை. எங்களிடமிருந்து முன்கூட்டியே வந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை உங்கள் குழு செய்தால், எங்கள் பங்கும் தொழுகைக்கு முன் உரியவரிடம் போய்ச் சேரும்.