டெர்மினல் கோடிங் கருவிக்குள் தமிழ்: பேட்ச் அனுப்பியவர்கள் கண்டது

கல்லுக்கட்டி_கோடர்
டெர்மினலில் ஓடும் ஏஐ கோடிங் கருவி பற்றிய பேச்சு இது: ஏஐ மாடல் "இந்த வரிக்குப் பதில் அந்த வரி" என்று எடிட் எழுதித் தரும், கருவி அந்த வரியைக் கோப்பில் தேடி மாற்றும். நான் அதில் திருத்தியது காரைக்குடிக் கடை ஒன்றின் கணக்கு புரோகிராம், பைத்தானில். மாறிகளின் பெயரெல்லாம் பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை. கணக்குப்பிள்ளை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதால் அப்படி. பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ஐந்தொகை ஃபங்ஷனில் வட்டியை மாற்றச் சொன்னால் மாடல் தருகிற எடிட் சரியாகத்தான் இருக்கிறது. கருவி மட்டும் "தேடிய வரி கோப்பில் இல்லை" என்று நின்றுவிடுகிறது. தேடிய வரியும் கோப்பிலுள்ள வரியும் திரையில் மேலும் கீழுமாகக் கிடக்கின்றன, ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அந்தத் திரைதான் இன்னும் உறுத்துகிறது.

காரணம் "தொ". கோப்பில் அது த, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று யூனிகோட் குறிகள். மாடல் எழுதியதில் த, அதன்பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. ஆக ஐந்தொகை கோப்பில் 8 குறி, மாடலிடம் 7. பைத்தான் தன் பெயர்களை உள்ளுக்குள் ஒருமுகப்படுத்திவிடும், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிடும், அதனால் புரோகிராம் ஓடும், டெஸ்ட் எல்லாம் பச்சை. எடிட் மட்டும் விழாது.

இதற்கு எல்லோரும் முதலில் கருவிக்கு எழுதுகிற பேட்ச் (திருத்தம்), கோப்பைத் திறந்ததுமே முழுவதையும் ஒருமுகப்படுத்துவது. அது ஆகாது. ொ, ோ, ௌ வருகிற ஒவ்வொரு வரியும் டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் பட்டியலில்) மாறியதாக வந்து நிற்கும். ஒரு வரி திருத்தப்போய் நானூறு வரி சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தால் எந்தப் பராமரிப்பாளரும் சேர்க்கமாட்டார். ஒப்பிடுவதற்கு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒருமுகப்படுத்திய நகல் எடுக்க வேண்டும். நகலின் ஒவ்வொரு இடமும் மூலக் கோப்பில் எங்கே என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, கண்டுபிடித்த பகுதியை மூலத்தில் வெட்டி மாற்ற வேண்டும். தொடாத வரியின் ஒரு பைட்டும் நகரக்கூடாது.

பள்ளத்தூர்_பைப்
அண்ணே சொன்னதற்கு முந்தின கட்டமே தடுக்கும். "பேரேடு" என்ற பெயரைக் கருவி கோப்பிலுள்ள பெயர்களின் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸில் (எழுத்துகளை வகை சொல்லித் தேடும் வசதியில்) "சொல் எழுத்து" என்ற வகைக்குள் கொம்பும் காலும் அடங்காது. பேரேடு என்பது ப, ர, ட என்று மூன்று துண்டாகத்தான் வரும். எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு "துணைக்குறி" வகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு யூனிகோட் வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்க விடுகிற வேறு ரெஜெக்ஸ் நூலகம் வேண்டும். ஒரு வரி மாற்றம்தான்.

கானாடுகாத்தான்_கர்சர்
எனக்கு மறக்காதது பெட்டியின் வலது கோடு. உள்ளீட்டுப் பெட்டியில் "காரைக்குடி" என்று அடித்தால் வலது ஓரம் நாலு கட்டம் இடப்பக்கம் வந்துவிடுகிறது. எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும் பழைய அகல அட்டவணை, மேலே ஏறும் குறிக்குத்தான் 0 கொடுக்கும், பக்கத்தில் இடம்பிடிக்கும் குறிக்கு 1. யூனிகோட் வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரச் சுழியும் முதல் வகை. கால், இகரக் கொக்கி, உகரம், கொம்புகள், ஐகாரம் எல்லாம் இரண்டாம் வகை. ஆகவே "டீ" 1 கட்டம், "டி" 2 கட்டம்! காரைக்குடி 9 கட்டம் என்று கருவி எண்ணும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைக்கிற டெர்மினல் 5-இல் முடித்துவிடும்.

பைத்தானில் அகலம் எண்ணும் டபிள்யூசிவிட்த் நூலகம் 0.2.9 பதிப்பில் இதைத் திருத்தி இரண்டு வகைக்கும் 0 ஆக்கியது. நூலகத்தைப் புதுப்பித்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சில டெர்மினல்கள் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன, அங்கே ஓரம் எதிர்ப்பக்கம் ஓடும். டெர்மினலையே கேட்பதுதான் நம்பகம்: வரி தொடக்கத்தில் "டி" அச்சிட்டு, எஸ்கேப், சதுர அடைப்பு, 6என் அனுப்பினால் கர்சர் நிற்கிற வரியும் கட்டமும் பதிலாக வரும். கட்டம் 2 என்றால் புதுக் கணக்கு, 3 என்றால் பழசு. தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளலாம். எழுத்தும் அதன் துணைக்குறிகளும் சேர்ந்த எழுத்துக்கொத்து முழுவதையும் ஒன்றாக எண்ணச் சொல்லும் டெர்மினல் அமைப்பு, 2027 மோடும் இருக்கிறது. கோஸ்ட்டி, கான்டூர் போன்ற டெர்மினல்களில் வேலை செய்யும்.

பேக்ஸ்பேஸும் அதே கொத்துக் கணக்கில் முழு எழுத்தை அழிப்பதுதான் சரி.

செக்காலை_செமிகோலன்
கடைசி வரி சரியில்லை, கானாடுகாத்தான். அம்புக்குறி எழுத்து எழுத்தாக நகரட்டும், டெலீட் முழு எழுத்தை எடுக்கட்டும். பேக்ஸ்பேஸ் ஒரு குறியைத்தான் எடுக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் "கு" அடித்தவருக்கு "கூ" வேண்டுமென்றால் உகரத்தை மட்டும் அழித்து மாற்றுவார். பிரவுசரிலும் ஆஃபீஸ் மென்பொருளிலும் பழகிய கை அது. டெர்மினலில் மட்டும் ககரமும் சேர்ந்து போனால் எரிச்சல்தான் வரும். இன்னொன்று: "க்ஷ", "ஸ்ரீ" இரண்டையும் யூனிகோட் கொத்து விதி இரண்டிரண்டு துண்டாகத்தான் பிரிக்கும். கொத்துதான் எழுத்து என்றால் அங்கே உங்கள் கணக்கே நிற்காது.

கானாடுகாத்தான்_கர்சர்
ஸ்ரீ விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பேக்ஸ்பேஸில் இல்லை. புள்ளி மட்டும் அழிந்து "க்" என்பது "க" ஆனால் ஒரு கமாண்டே மாறிப்போகும், பார்ப்பவர் கவனிக்கவும் மாட்டார்.

தேவகோட்டை_டீபக்
திரையில் திடீரென்று கறுப்பு வைரம், உள்ளே கேள்விக்குறி. ஆங்கில வெளியீட்டில் ஒருநாளும் வராது. கருவி வெளியே ஓட்டும் கட்டளையின் வெளியீட்டை 4096 பைட்டாக வாசிக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். 1365 குறிக்கு 4095 பைட். மிச்சம் ஒரு பைட் அடுத்த குறியின் தலை. துண்டைத் தனியாக டீகோட் செய்தால் (பைட்டை எழுத்தாக மாற்றினால்) அந்தத் தலையும் கெடும், அடுத்த துண்டில் வரும் உடலும் கெடும். நடுவே இடைவெளியும் எண்ணும் வந்தால் வெட்டு தள்ளிப்போகும், அதனால்தான் சிலமுறை சரியாக வருகிறது, சிலமுறை உடைகிறது. மிச்ச பைட்டை நினைவில் வைக்கும் படிப்படி டீகோடர் போட வேண்டும். பைத்தானின் கோடெக்ஸிலும் நோட்.ஜேஎஸ்-இன் ஸ்ட்ரிங் டீகோடரிலும் தயாராக உண்டு.

புதுவயல்_புல்ரிக்வெஸ்ட்
பேட்ச் எழுதுவது பாதி வேலை. உள்ளே சேர்ப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன்.

முதலில் இஷ்யூ, அதாவது பிழை அறிக்கை. பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. படம் போட்டால் அவருக்கு எது பிழை என்றே புரியாது. எந்தக் குறி, அதன் யூனிகோட் எண், எத்தனை கட்டம் வர வேண்டும், எத்தனை வந்தது என்று எழுதுங்கள். டெர்மினலின் பெயர், பதிப்பு, லொக்கேல் (மொழி அமைப்பு), டெர்ம் (TERM) மாறியின் மதிப்பு நாலும் வேண்டும். ஒரு டெர்மினலைப் பலவாகப் பிரிக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டினால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனி அகலக் கணக்கு.

அடுத்து டெஸ்ட். முதல் கமிட்டில் (மாற்றப் பதிவில்) தோற்கும் டெஸ்ட் மட்டும், இரண்டாவதில் திருத்தம். டெஸ்டுக்குள் "ஐந்தொகை" என்று நேராகத் தட்டக்கூடாது. கொம்பும் காலும் பிரிந்த வடிவத்தை ஒட்டினாலும் எடிட்டரோ ஃபார்மட்டரோ சேர்த்துவிட வாய்ப்புண்டு. அப்புறம் டெஸ்ட் எதையும் சோதிக்காமலே பச்சை காட்டும். பேக்ஸ்லாஷ் போட்டு யூனிகோட் எண்ணாகவே எழுதுங்கள், பக்கத்தில் கமெண்டில் தமிழ்.

விண்டோஸ் சிஐ (பேட்ச் வந்ததும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) தனிக் கண்டம். தற்காலிகக் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் 3.15-க்கு முந்தைய பைத்தான் அங்கே பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும், தமிழை எழுதப் போனதும் உடையும். ஸ்னாப்ஷாட் டெஸ்ட் (சேமித்துவைத்த திரையோடு ஒப்பிடுவது) சிவந்தால் மொத்தமாகப் புதுப்பிக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எமோஜியின் அகலம் அங்கேதான் கெட்டிருக்கும். கையொப்பம் கேட்கும் திட்டமென்றால் கமிட்டின் மின்னஞ்சலும் கையொப்ப வரியின் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாட் நிறுத்திவிடும். அகலம், பேக்ஸ்பேஸ், டீகோடர் மூன்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) கட்டவே கூடாது. பேக்ஸ்பேஸ் சண்டை மேலே பார்த்தீர்களே, அது தீரும்வரை மற்ற இரண்டும் கூடவே தேங்கிக் கிடக்கும்.

செக்காலை_செமிகோலன்
இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் டெஸ்டில் எண்ணாக எழுதச் சொன்னது மிகச் சரி.

பள்ளத்தூர்_பைப்
கோப்புப் பெயரும் தமிழாக இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோட் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளிடம் கோப்புப் பட்டியல் கேட்டால் க என்பது \340\256\225 என்று மேற்கோளுக்குள் வரும். கருவி அதையே பெயராக நினைத்துத் திறக்கப்போய் "கோப்பு இல்லை" என்கிறது. கிட்டின் core.quotePath அமைப்பை அணைத்தால் உங்கள் மெஷினில் தீரும். கருவியில் தீர வேண்டுமென்றால் பட்டியல் கட்டளைக்கு மைனஸ் இசட் கொடுத்து, மதிப்பு 0 ஆன பைட்டில் பிரிக்க வேண்டும்.

கல்லுக்கட்டி_கோடர்
ஒருமுகப்படுத்தியும் "வரி இல்லை" வருகிறது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பாமினி, டிஸ்கி என்ற பழைய எழுத்துமுறைக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது ஔகாரக் குறி சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக விழுந்திருக்கும். காலுக்குப் பதில் ரகரமும் வரும். அவை வேறு எழுத்துகள், எந்த ஒருமுகப்படுத்தலும் சேர்க்காது. கருவியில் அதற்குப் பேட்ச் அனுப்பாதீர்கள். கொம்பையடுத்து ள, ர வருகிற சொற்களை மட்டும் தேடி எடுத்து, கோப்பிலேயே கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். "வெள்ளி", "பெரியவர்" என்று நியாயமான சொற்களும் அதில் சிக்கும் என்பதால் மொத்தமாக மாற்ற முடியாது.