பொய்ப் புகார் என்று செய்தி வரும்போது: ஜஸ்ஸி ஸ்மொலெட் வழக்கு

திரியைத் தொடங்கியவர்

அமெரிக்க நடிகர் ஜஸ்ஸி ஸ்மொலெட், தன்னை இருவர் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்; அந்தத் தாக்குதல் அவரே ஏற்பாடு செய்த நாடகம் என்று அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். அவர் பெயரை எடுத்தாலே இரண்டு பதில்தான் வருகிறது. ‘பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்’ என்கிறார்கள் சிலர். ‘உச்ச நீதிமன்றமே விடுவித்துவிட்டதே’ என்கிறார்கள் மற்றவர்கள். ரெண்டுமே பாதிக் கதை. ஆறு வருடத்துக்கு மேல் இழுத்த வழக்கு இது. ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வந்தார்கள், அங்கே எதைத் தவறவிட்டார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வசை வேண்டாம், விவரம் வேண்டும்.

மறுமொழி 1

முதல் இரண்டு நாளிலிருந்தே தொடங்குகிறேன். 2019 ஜனவரி 29, அதிகாலை 2 மணி அளவில், சிகாகோவின் ஸ்ட்ரீட்டர்வில் பகுதி. ஸ்மொலெட் ‘எம்பயர்’ தொலைக்காட்சித் தொடரின் நடிகர், கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர். சாண்ட்விச் வாங்கிக்கொண்டு திரும்பும்போது இருவர் இனவெறி வசை பேசி அடித்தார்கள், ஏதோ ஒரு திரவத்தை மேலே ஊற்றினார்கள், கழுத்தில் கயிற்றுச் சுருக்கை மாட்டினார்கள் என்பது புகார். அன்றைக்கே செய்தி நாடு முழுக்கப் பரவிவிட்டது. செனட்டர்களாக இருந்த கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் இதை ‘லிஞ்சிங்’ (கும்பலாகச் சேர்ந்து அடித்தோ தூக்கிலிட்டோ கொல்வது) முயற்சி என்றே எழுதினார்கள். அதிபர் டிரம்ப்கூட இது கொடூரம் என்றார்.

இங்கே நடந்த முதல் பிழை: புகாரில் இருந்ததையும் பிறகு சேர்ந்ததையும் மக்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். ‘இது மாகா நாடு’ (மாகா என்பது டிரம்ப்பின் தேர்தல் முழக்கத்தின் சுருக்கம்) என்று கத்தினார்கள் என்ற வரி, காவலர் எழுதிய முதல் அறிக்கையில் இல்லை. துப்பறிவாளர்கள் அடுத்து விசாரித்தபோது வந்தது. ஒரு பக்கத்தார் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு டிரம்ப் ஆதரவாளர்களைக் குற்றவாளி ஆக்கினார்கள். மறுபக்கத்தார் ‘முதலில் சொல்லவே இல்லையே’ என்று அதையே பொய்க்குச் சான்றாக்கினார்கள். பாதிக்கப்பட்டவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். துணை அறிக்கை எழுதுவது எல்லா ஊரிலும் வழக்கம்தான். அந்த ஒரு வரி மெய்க்கும் சான்றாகாது, பொய்க்கும் சான்றாகாது.

மறுமொழி 2

சிகாகோ அந்த மாதம் எந்த மனநிலையில் இருந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனைக் காவலர் ஒருவர் 16 முறை சுட்டார். காணொளி வெளியே வரப் பதின்மூன்று மாதம் ஆனது. வந்தபோது காவலர்கள் எழுதிய அறிக்கைகளோடு அது ஒத்துப்போகவில்லை. உண்மையை மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று காவலர்களை 2019 ஜனவரி 17 அன்று நீதிபதி விடுவித்தார். மறுநாள் சுட்ட காவலருக்குத் தண்டனை அறிவிப்பு. அடுத்த பதினொரு நாளில் ஸ்மொலெட் புகார்.

அதற்கும் முன்னால், 1970, 80களில், ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியின் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் சித்திரவதைப்பட்டார்கள். 2015இல் நகரம் 55 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதி ஒதுக்கியது. இந்தக் காவல்துறை ‘நடிகர்தான் பொய் சொல்கிறார்’ என்றபோது நம்ப மறுத்தவர்களை ரசிக வெறியர்கள் என்று தள்ளுவது நியாயமில்லை. அவர்களிடம் காரணம் இருந்தது. ஆனால் காவல்துறை முன்பு பொய் சொன்னதால் இந்த வழக்கிலும் சொன்னது என்று ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது, பலரால் முடியவில்லை.

மறுமொழி 3

விசாரணை நடந்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் ‘கேமராவில் எதுவுமே இல்லை’ என்ற வதந்தி இன்றும் ஓடுகிறது. தாக்குதல் நடந்ததாகச் சொன்ன இடத்தில் ஒரு கேமரா இருந்தது, ஸ்மொலெட்டே அதைக் காட்டினார். அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆகவே அந்த நிமிடம் பதிவாகவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கம் நடந்த இரண்டு நிழல் உருவங்கள் பதிவாகியிருந்தன. காவல்துறை கேமராக்களையும் தனியார் கேமராக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்த இருவர் வந்த வண்டியையும் ஏறிப்போன டாக்சியையும் பின்னோக்கித் தேடினார்கள். செயலி வழியாகப் பதிவுசெய்த வாடகை வண்டியில் பெயர் இருக்கும். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது ஓசுண்டைரோ சகோதரர்களிடம். ‘எம்பயர்’ தொடரில் வேலை செய்தவர்கள், ஸ்மொலெட்டுக்கு அறிமுகமானவர்கள். அன்றைக்கே நைஜீரியா கிளம்பிவிட்டார்கள். பிப்ரவரி 13இல் ஓ'ஹேர் விமான நிலையத்தில் திரும்பி இறங்கியபோது பிடித்தார்கள். குற்றம் சாட்டாமல் 48 மணி நேரம்தான் வைத்திருக்க முடியும். 47ஆவது மணி நேரத்தில்தான் அவர்கள் வாய் திறந்தார்கள் என்று காவல் தலைவர் எடி ஜான்சன் பிறகு சொன்னார். ஸ்மொலெட் பணம் கொடுத்துத் தாக்குதல் நாடகம் ஆடச் சொன்னார் என்பது அவர்கள் வாக்குமூலம். ஸ்மொலெட் அவர்களுக்குத் தந்த 3,500 டாலர் காசோலை அந்த நாடகத்துக்குக் கொடுத்தது என்பது அரசுத் தரப்பு. உடற்பயிற்சிக்கும் உணவுத் திட்டத்துக்கும் கொடுத்தது என்பது ஸ்மொலெட் தரப்பு. அவர் இன்றுவரை குற்றத்தை மறுக்கிறார்.

மறுமொழி 4

கைபேசி விஷயம் மட்டும். தாக்கும்போது மேலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்ன ஸ்மொலெட், அந்தப் போனைக் காவல்துறையிடம் கொடுக்கவில்லை. பிறகு சில பகுதிகளை மறைத்த அழைப்புப் பட்டியலைத்தான் கொடுத்தார், போதாது என்று காவல்துறை சொன்னது. ‘கொடுக்காதபோதே தெரிந்துவிட்டது’ என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். இது ஆபத்தான அளவுகோல். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் எத்தனையோ பேர் போனை முழுசாகக் கொடுக்கத் தயங்குவார்கள். அதில் நண்பர்கள் இருக்கிறார்கள், காதல் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. இந்த வழக்கில் கனமான சான்று வண்டித் தடமும் காசோலையும் சாட்சியமும்தான். போனை மறுத்ததைச் சான்றாகக் கொண்டாடியவர்கள், அடுத்த புகார்தாரரின் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.

மறுமொழி 5

குற்றச்சாட்டின் பெயரே பலரைக் குழப்பியது. இல்லினாய் சட்டத்தில் பொய்ப் புகார் கொடுப்பது ‘ஒழுங்கீன நடத்தை’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பெயரைக் கேட்டால் குடித்துவிட்டுத் தெருவில் கத்திய வழக்கு மாதிரி இருக்கும். உண்மையில் இந்த வகை, நான்காம் தரப் பெருங்குற்றம். ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை போகலாம்.

மார்ச் 8இல் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) ஸ்மொலெட் மேல் 16 குற்றச்சாட்டு பதிந்தபோது ‘16 குற்றம் செய்தாரா!’ என்று அதிர்ந்தார்கள். ஒரே சம்பவம்தான். முதலில் வந்த காவலரிடம் சொன்னது தனி, துப்பறிவாளரிடம் சொன்னது தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண். எண்ணிக்கையைப் பார்த்துக் குற்றத்தின் அளவை எடைபோடாதீர்கள்.

ஜாமீனும் அப்படித்தான். ஒரு லட்சம் டாலர் பிணை என்றால் அப்போதைய சிகாகோ முறையில் பத்து சதவீதம், அதாவது 10,000 டாலர் கட்டினால் வெளியே வரலாம். ‘ஒரு லட்சத்தை அலட்சியமாகக் கட்டிவிட்டார்’ என்று எழுதியதெல்லாம் தவறு.

மறுமொழி 6

எல்லோரும் கோபப்பட்ட நாள் 2019 மார்ச் 26. 16 குற்றச்சாட்டையும் அரசு வழக்கறிஞர் அலுவலகம் கைவிட்டது. கட்டிய 10,000 டாலரை ஸ்மொலெட் விட்டுக்கொடுத்தார், சமூகப் பணி செய்திருந்தார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆவணங்களுக்கும் அன்றே முத்திரை. இந்த முத்திரைதான் நெருப்பில் எண்ணெய். ஏன் கைவிட்டார்கள் என்று பார்க்க வழியில்லாதபோது ஆளாளுக்கு ஒரு காரணம் கட்டினார்கள். மேயர் ராம் இமானுவேல் கொதித்தார், காவலர் சங்கம் தெருவில் இறங்கியது. மே மாதம், முத்திரையிட்ட அதே நீதிபதியே அதை நீக்கினார்.

இதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருந்தது. தலைமை அரசு வழக்கறிஞர் கிம் ஃபாக்ஸ், ஸ்மொலெட்டின் உறவினர் ஒருவரோடு தொடர்பில் இருந்ததால் வழக்கிலிருந்து விலகுவதாக அறிவித்து, தன் துணை அதிகாரியிடம் கொடுத்தார். விலகினால் வெளியிலிருந்து ஆள் வரவேண்டும், தனக்குக் கீழே இருப்பவரை நியமிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று ஜூன் மாதம் நீதிபதி மைக்கேல் டூமின் தீர்ப்பளித்தார். ஆகஸ்டில் டான் வெப் சிறப்பு வழக்கறிஞராக வந்தார். 2020 பிப்ரவரியில் புதிதாக ஆறு குற்றச்சாட்டு.

மறுமொழி 7

மேலே எழுதியவர் விட்ட இடத்திலிருந்து. 2021 டிசம்பர் 9இல் ஜூரி ஆறில் ஐந்தில் குற்றவாளி என்றது. விடுபட்ட ஒன்று, பிப்ரவரி நடுவில் துப்பறிவாளரிடம் சொன்னதைப் பற்றியது. 2022 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் லின் 150 நாள் சிறை, 30 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, 25,000 டாலர் அபராதம், 1,20,106 டாலர் நகரத்துக்கு இழப்பீடு என்றார். மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் ஆறு நாளில் வெளியே வந்தார்.

2024 நவம்பர் 21இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ‘நிரபராதி’ என்ற அறிவிப்பு அதில் இல்லை. சான்று பொய் என்ற கண்டுபிடிப்பும் இல்லை. நீதிமன்றம் பார்த்தது ஒரே கேள்வி: 2019இல் அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது, அவர் தன் பங்கை நிறைவேற்றிவிட்டார், அதன்பின் அதே விஷயத்துக்கு அரசு மறுபடி வழக்குப் போடலாமா? கூடாது என்றது. அந்த ஒப்பந்தம் பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அரசு கொடுத்த வாக்கை அரசே மீறினால் நாளைக்கு வசதியில்லாத ஒருவர் சமரசத்துக்குக் கையெழுத்துப் போடவே பயப்படுவார். இந்தத் தீர்ப்பு சரி என்பது என் கருத்து. ஜூரி கேட்ட சாட்சியம் அதனால் அழிந்துவிடவில்லை என்பதும் என் கருத்து.

திரியைத் தொடங்கியவர்

பணக் கணக்கு பலருக்குப் புரியாமல் இருப்பதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். காவலர்களின் கூடுதல் நேர வேலைக்கு நகரம் முதலில் கேட்டது 1,30,106 டாலர் 15 சென்ட். தண்டனையில் வந்த தொகை பத்தாயிரம் குறைந்ததற்குக் காரணம், விட்டுக்கொடுத்த பிணைப் பணம் ஏற்கெனவே நகரத்திடம் இருந்ததுதான். தண்டனை ரத்தானதும் அந்த இழப்பீட்டு உத்தரவும் போயிற்று. ஆனால் நகரம் 2019 ஏப்ரலில் தனியாகப் போட்ட உரிமையியல் வழக்கு அப்படியே நின்றது. 2025 மே மாதம் அது சமரசமானது: சிகாகோவில் இளைஞர்களுக்குக் கலைப் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளைக்கு ஸ்மொலெட் 50,000 டாலர் கொடுப்பது என்று. நகரக் கருவூலத்துக்கு அதிலிருந்து எதுவும் போகவில்லை.