ஹைட்ராவும் ஜெல்லிமீனும் ஒரே தொகுதியா?

கேள்வி: குளத்து நீரில் கிடைத்த ஹைட்ராவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஜெல்லிமீனோ குடை மாதிரி மிதக்கிறது. இரண்டும் எப்படி ஒரே விலங்குத் தொகுதி (ஃபைலம்)?

பதில்: ஹைட்ரா மாதிரி ஒட்டி நிற்கும் உடல் வடிவம் பாலிப், ஜெல்லிமீனின் குடை வடிவம் மெடூசா. பாலிப்பைக் கவிழ்த்து, நடுவிலுள்ள கூழைப் பெருக்கினால் மெடூசா. இரண்டுக்குமே உடற்சுவரில் இரண்டு செல் அடுக்குகள், இடையில் மீசோகிளியா என்ற அந்தக் கூழ். வாசல் ஒன்றே ஒன்று. இரை போன வழியாகவே கழிவும் வரும் (சாப்பிடும்போது இதைப் படிக்காதீர்கள்).

இன்னொருவர்: கொட்டும் செல்களை விட்டுவிட்டீர்களே! தொகுதிக்கே அடையாளம் அதுதான். நான் ஹைட்ரா இருந்த நீரில் டாஃப்னியா என்ற குட்டி நீர்வாழ் உயிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். உணர்கொம்பில் பட்டதும் துடிப்பு அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

கேட்டவர்: அப்போ என் ஹைட்ராவும் ஒருநாள் மெடூசா ஆகுமா?

பதில்: ஆகாது, காத்திருக்காதீர்கள். ஹைட்ராவுக்கு அந்த நிலையே கிடையாது. மொட்டுவிட்டுத்தான் பெருகும், சிலசமயம் முட்டையும் விந்தும் உண்டாகும். நிலா ஜெல்லிமீனின் பாலிப்தான் தட்டுகளை அடுக்கினாற்போலப் பிரிந்து குட்டி மெடூசாக்களை விடும்.