ஒரு வீட்டு ப்ளாட்டில் (மனையில்) ஸ்டில்ட் + நாலு மாடி: டெல்லியில் விடலாமா?

தனிவீட்டுக்காரன்: டெல்லி ஜனக்புரியில் தெருவுக்குத் தெரு பழைய வீட்டை இடித்து ஸ்டில்ட் (கார் நிறுத்த, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம்) + நாலு மாடி எழும்புகிறது. சண்டிகரில் முதல் கட்டமாக உருவான பழைய பகுதியில் ஒரு குடும்ப வீடுகளை மாடி மாடியாகப் பிரிப்பதை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதே தடை இங்கேயும் வரவேண்டும்.

மாடிக்கணக்கு: சண்டிகரை இங்கே இழுக்காதீங்க சார். அங்கே பிரிக்கக்கூடாதுன்னு 2007லயே விதி இருந்தது. மூணு பேர் சேர்ந்து சதவீதப் பங்கா வாங்கி, தரைத்தளம் உனக்கு, முதல் மாடி எனக்குன்னு தனியா எழுதிக்கிட்டு அதைச் சுத்தி வந்தாங்க. பாரம்பரிய நகரம்ங்கிற காரணமும் இருந்தது. டெல்லியில நகரத்தோட நிலப் பயன்பாட்டுத் திட்டமான மாஸ்டர் பிளான் 2021லயே அனுமதி இருக்கு. 100 முதல் 250 சதுர மீட்டர் ப்ளாட்டுக்கு மனையில 75% வரை கட்டடம் நிக்கலாம், எஃப்.ஏ.ஆர். (மொத்த மாடிப் பரப்பு மனையில எத்தனை சதவீதம்ங்கிற வரம்பு) 300. 200 சதுர மீட்டர் ப்ளாட்னா ஒரு மாடிக்கு 150, நாலு மாடிக்கு 600, கணக்கு சரியா வருது. ஸ்டில்ட்டை பார்க்கிங்குக்கு மட்டும் விட்டா அது எஃப்.ஏ.ஆர்.ல சேராது, உயரமும் 15க்கு பதில் 17.5 மீட்டர். மீறல் எங்கே?

தனிவீட்டுக்காரன்: மீறல் என்று யார் சொன்னது? விதியே தப்பு என்கிறேன். அதே பிளான் ஒரு வீட்டுக்கு 4.5 பேர் என்று வைக்கிறது. நாலு வீட்டுக்கு 18 பேர். தலைக்கு 135 லிட்டர் என்றால் தினம் 2,430 லிட்டர். மாடிக்கு அனுமதி கொடுத்தார்கள், தெருவின் சாக்கடைக் குழாயை மாற்றினார்களா? ஹரியானா பரவாயில்லை. ஸ்டில்ட் + நாலு மாடி அனுமதியை 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டு, 2024 ஜூலையில் திரும்ப விட்டபோது, ப்ளாட்டுக்கு மூன்று வீட்டுக்கென்று லே-அவுட் போட்ட பழைய காலனிகளில் 10 மீட்டர் சாலை கேட்டது. பக்கத்து வீட்டார் சம்மதம் தராவிட்டால் 1.8 மீட்டர் பக்க இடைவெளி விடச் சொன்னது. இங்கே 200 சதுர மீட்டர் ப்ளாட்டுக்கு விடவேண்டிய இடைவெளி முன்பக்கம் 3 மீட்டர், பக்கவாட்டில் பூஜ்யம்.

தூண்கம்பி: ரெண்டு பேரும் மேல்மாடியைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். ஆபத்து கீழே, ஸ்டில்ட்டில். டெல்லி நிலநடுக்க மண்டலம் 4. மேல் மாடிகள் செங்கல் சுவரால் விறைத்து நிற்கும், ஸ்டில்ட்டில் வெறும் தூண். ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் விழும். 2001 பூகம்பத்தில் அகமதாபாத்தில் விழுந்த பல அடுக்குமாடிகள் இப்படித்தான் போயின. லிஃப்டைச் சுற்றி மட்டும் கான்கிரீட் சுவர் வைத்தால் போதாது. லிஃப்ட் ஒரு மூலையில் இருந்தால் கட்டடம் முறுக்கும். எதிர்ப்பக்க எல்லை ஓரமாகவும் அஸ்திவாரத்திலிருந்தே ஒரு கான்கிரீட் சுவர் வேண்டும். இதற்கு ஒரு கார் இடம் போகும், அதனால்தான் பில்டர் செய்யமாட்டார். தூணும் சுவரோடு மறையட்டும் என்று 230 மி.மீ.யில் போடுவார்கள். 300க்குக் குறையக்கூடாது. தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றும் வளையக் கம்பிகள், தூணின் இரு முனையிலும் ஒன்றுக்கொன்று 100 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் நெருக்கமாக, அவற்றின் கொக்கி 135 பாகை உள்ளே மடங்கியிருக்க வேண்டும். 90 பாகையில் மடித்தால் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் திறந்துகொள்ளும்.

மாடிக்கணக்கு: இது கட்டுமானத் தரம், எத்தனை மாடிங்கிற விதி இல்லையே. மூணு வாரிசு இருக்கிற வீட்டுல வேற எப்படிப் பிரிக்கிறது? கொலாபரேஷன்ல (பில்டரோட கூட்டு ஒப்பந்தத்துல) பில்டர் ஒரு மாடி எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கட்டித் தர்றார். குடும்பம் கைக்காசு போடவேண்டியதில்லை.

தனிவீட்டுக்காரன்: பத்திரத்தில் நிலத்தின் பங்கு ஒழுங்காக எழுதியிருந்தால் சரி. மொட்டைமாடி உரிமை மேல்மாடிக்காரருக்கு மட்டும் என்று எழுதிவிட்டு, மற்ற மூன்று வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அங்கேயே இருந்தால் என்ன ஆகும்? தொட்டி கழுவப் போகிறவரையும் பூட்டு தடுக்கும். தொட்டிக்கான இடமும் ஏறும் வழியும் நாலு பத்திரத்திலும் வரவேண்டும்.

தூண்கம்பி: கொலாபரேஷன் போடுகிறவர்கள் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பழைய அஸ்திவாரத்தை ஒட்டி ஒரே மூச்சில் தோண்டாமல், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை பட்டையாகத் தோண்ட வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் முதல் விரிசல் அவர் சுவரில்தான். ஸ்டில்ட் தூண்களுக்குப் பலகை அடைக்கும் முன், கொக்கி தெரியும்படி ஒவ்வொரு தூணுக்கும் போட்டோ எடுத்து வையுங்கள். கான்கிரீட் ஊற்றிவிட்டால் அதைப் பார்க்க வழியில்லை.